பாசி சொல்லும் சான்று

குளத்துப் படியில் கால் வழுக்கினால் மக்கள் பாசியைத்தான் பழிப்பர். தண்ணீர்த் தொட்டியில் பச்சை படிந்தால் தேய்த்துக் கழுவுவர். யாரும் மதிக்காத அந்தப் பாசி இன்று அறிவியல் ஆய்வகங்களில் சாட்சியாக நிற்கிறது. மனிதன் புதிதாகப் படைக்கும் ஒரு பொருள் தண்ணீருக்குத் தீங்கு செய்யுமா என்று ஆய்வாளர் அதனிடமே முதலில் கேட்கின்றனர்.

அத்தகைய புதிய படைப்புகளுள் ஒன்று நானோ துகள். ஒரு மீட்டரை நூறு கோடிப் பகுதிகளாகப் பிரித்தால், அவற்றுள் ஒன்றே ஒரு நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ள துகள்களே நானோ துகள்கள் எனப்படும். மனிதரின் தலைமுடி ஒன்றன் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்றால், இத்துகள்களின் சிறுமையை உணரலாம். பொருள் இவ்வளவு சிறுக்கும்போது அதன் இயல்பும் மாறுகிறது. வெள்ளைப் பொடியாகிய துத்தநாக ஆக்சைடு, நானோ அளவில் தோலின்மேல் வெண்மை தெரியாமல் படிந்து, வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது. நானோ வெள்ளி நுண்ணுயிர்களைக் கொல்வதால் சிலவகைத் துணிகளில் சேர்க்கப்படுகிறது. முகம் கழுவும்போதும் துணி துவைக்கும்போதும் இவற்றுள் ஒரு பகுதி சாக்கடை வழியே ஆற்றைச் சேர்கிறது.

ஆற்றில் முதலில் இவற்றை எதிர்கொள்ளும் உயிர்களுள் ஒன்று நுண்பாசி. கதிரவன் ஒளியைக் கொண்டு உணவு ஆக்கும் பாசியை நீர்வாழ் சிற்றுயிர்கள் உண்ணும். அவற்றை மீன்கள் உண்ணும். மீன்களைக் கொக்கும் மனிதரும் உண்பர். அடித்தளம் தளர்ந்தால் மேல்தளம் நிலைக்காது. ஆதலின் சோதனை பாசியிலிருந்து தொடங்குகிறது.

இச்சோதனைக்குப் பெரிதும் பயன்படும் பாசி, பிறைநிலா வடிவம் கொண்டது. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர். 1959ஆம் ஆண்டு நார்வே நாட்டின் நிடெல்வா ஆற்றிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டது. அதன் வழித்தோன்றல்களே இன்று உலகின் பல ஆய்வகங்களில் வளர்கின்றன. ஊட்டக் கரைசல் நிரம்பிய குடுவைகளில் சம அளவு பாசியை இடுவர். சில குடுவைகளில் எதையும் கலப்பதில்லை. அவை ஒப்பீட்டுக் குடுவைகள். மற்றவற்றில் சோதிக்கும் பொருளைப் படிப்படியாக உயரும் அளவுகளில் கலப்பர். 72 மணி நேரம் ஒளியில் வைத்தபின் வளர்ச்சியை அளப்பர். ஒப்பீட்டுக் குடுவையில் பாசி குறைந்தது 16 மடங்கு பெருகியிருக்க வேண்டும். இல்லையேல் அந்தச் சோதனை செல்லாது. சாட்சி நலமாக இருந்தால்தான் சான்று ஏற்கப்படும்.

நானோ துகளைச் சோதிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பாசியின் வளர்ச்சி குன்றினால், அதற்குத் துகள்தான் நஞ்சு என்று உடனே சொல்லிவிட முடியாது. துகள்கள் நீரைக் கலங்கச் செய்து ஒளியை மறைத்திருக்கலாம். நிழலில் பாசி வாடும். துகள்கள் பாசியின்மேல் ஒட்டி அதனை மூடியிருக்கலாம். துகளிலிருந்து கரைந்த உலோகம் நஞ்சாகியிருக்கலாம். விளைவு ஒன்று, காரணங்கள் பல. நிழலின் பங்கை அறிய, துகள் கலந்த நீரைத் தனிக் கலத்தில் வைத்து, அதன் ஊடாக வரும் ஒளியில் பாசியை வளர்த்துப் பார்ப்பதுண்டு. அங்கே பாசியின்மேல் நிழல் விழும், துகள் தீண்டாது.

2007ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நானோ துத்தநாக ஆக்சைடு, வழக்கமான துத்தநாக ஆக்சைடு, நீரில் எளிதில் கரையும் துத்தநாக குளோரைடு ஆகிய மூன்றையும் அவர்கள் தனித்தனியே அப்பாசியிடம் சோதித்தனர். மூன்றிலும் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 60 மைக்ரோகிராம் துத்தநாகம் இருந்தபோதே வளர்ச்சி பாதியாகக் குறைந்தது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. நஞ்சானது துகளின் சிறுமை அன்று, கரைந்த துத்தநாகமே என்று அவர்கள் முடிவு செய்தனர்.

இதனால் நானோ துகள்கள் யாவும் தீங்கற்றவை என்று ஆகிவிடாது. இவ்வளவு சிறு அளவே பாசியைப் பாதித்தது என்பதை மறத்தலாகாது. வெள்ளியின் தன்மை வேறு, டைட்டானியத்தின் தன்மை வேறு. ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தாக வேண்டும்.

தில்லியில் யமுனையும், கொல்கத்தாவில் ஹூக்ளியும், அகமதாபாத்தில் சபர்மதியும் எத்தனையோ கழிவுகளை ஒன்றாகச் சுமந்து ஓடுகின்றன. அந்நீரில் பாசி வாடினால், எந்தப் பொருளால் வாடியது என்று பிரித்தறிவது மிகக் கடினம். ஆய்வகத்தில் எதுவும் கலவாத குடுவை ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கும். யமுனைக்குப் பக்கத்தில் மாசு கலவாத இன்னொரு யமுனை இல்லை. ஆகவே, கேட்க வேண்டிய கேள்விகளைப் பொருள் ஆற்றைச் சேரும் முன்பே குடுவையில் கேட்டுவிட வேண்டும்.