மெட்டு தேயட்டும்

அயர்லாந்தின் கிதார் கலைஞர் ரோரி கலாகர் 1963-இல், பதினைந்து வயதில், கார்க் நகரத்துக் கடை ஒன்றில் யாரோ விற்றுவிட்டுப் போன ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரை வாங்கினார். விலை சுமார் நூறு பவுண்டு, தவணையில் கட்டினார். 1995-இல் இறக்கும் வரை அதையே அதிகம் வாசித்தார். மேடையில் அவர் சிந்திய வியர்வையில் வண்ணப்பூச்சு பெரும்பாலும் உரிந்து, உள்ளே இருந்த மரம் வெளியே தெரிந்தது.

அதே 1995-இல்தான் ஃபெண்டர், தொழிற்சாலையிலேயே பழசாக்கிய கிதார்களை ‘ரெலிக்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. முழங்கை உரசும் இடத்தில் பூச்சைத் தேய்ப்பார்கள். இடுப்புவார் கீறியதுபோல் முதுகுப் பக்கத்தைச் சுரண்டுவார்கள். பளபளக்கும் திருகுகளை மங்கச் செய்வார்கள். பின்னாளில் கிப்சன் நிறுவனமும் இதற்கென்றே ஒரு பட்டறை தொடங்கியது. கீறல் கூடக்கூட விலையும் கூடும். நம் ஊர்ப் பணத்தில் சில லட்சங்கள்.

ஹைதராபாத்தில் ஹைடெக் சிட்டி வேலையில் இருக்கும் பிள்ளைகள் சிலர் பத்மாராவ் நகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள், பேரனின் நண்பர்கள். அவர்களில் ஒருவனுக்கு இந்தக் கிதார்மேல் தீராத ஆசை. ஏனென்று கேட்டேன். “புதுசு வாங்கினா முதல் கீறல் எப்ப விழுமோன்னு பயந்துகிட்டே வாசிக்கணும் தாத்தா. இதுல அந்தப் பயமே இல்ல. கழுத்தும் கைக்கு வழவழன்னு இருக்கும்” என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஐம்பதுகளின் கிதார்களுக்கு மெல்லிய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுதான். வெயிலுக்கும் குளிருக்கும் அது வெடிக்கும், வியர்வைக்கு உரியும். பிற்காலத்தில் வந்த பாலியூரித்தேன், பாலியெஸ்டர் பூச்சுகள் கெட்டியானவை. எத்தனை வருடம் வாசித்தாலும் அவ்வளவு எளிதில் முதுமை காட்டாது. கையால் முதுமை ஏற்றுவதும் தாழ்ந்த வேலை அல்ல. பழைய ஹைதராபாத் சமஸ்தானத்தைச் சேர்ந்த பீதரில், துத்தநாகமும் செம்பும் கலந்த பாத்திரத்தில் வெள்ளியைப் பதித்து, கோட்டை மண்ணோடு நவச்சாரம் சேர்த்துத் தேய்ப்பார்கள். உலோகம் கறுத்துவிடும், வெள்ளி மட்டும் மின்னும். சாலார்ஜங் அருங்காட்சியகத்துக்குப் போனால் அந்தப் பித்ரி வேலையை நின்று பாருங்கள். அந்தக் கறுப்பும் மனிதக் கை ஏற்றியதுதான். ஆனால் அது யாருடைய வாழ்க்கையையும் வாழ்ந்ததாகச் சொல்வதில்லை.

என் மனைவியிடம் ஒரு தஞ்சாவூர் வீணை இருக்கிறது. பெண் பார்க்கப் போன நாளிலேயே அதைப் பார்த்திருக்கிறேன். சாதகம் செய்து செய்து, ஓயாமல் அழுத்திய இடங்களில் கம்பி பித்தளை மெட்டுகளைப் பள்ளமாக அறுத்துவிடும். நாதம் கெட்டு இரைச்சல் வரும். அப்போது ஆசாரியை வரவழைத்து மெட்டுகளைச் சீராக்கி, பழைய மெழுகை எடுத்துவிட்டுப் புது மெழுகில் மெட்டுகளைப் பதித்து மேளம் கட்ட வேண்டும். அந்தப் பள்ளங்களை அவள் ஒருநாளும் அழகென்று சொன்னதில்லை. சரிசெய்தவுடன் மறுபடி உட்கார்ந்துவிடுவாள், மறுபடி அவை தேயும். குடம் மட்டும் இன்றைக்கும் மெருகு குலையாமல் இருக்கிறது. அவ்வளவு பத்திரமாகத் துடைத்து வைப்பாள்.

கிதாருக்கும் இதே கதைதான். நிறைய வாசித்தால் முதலில் தேய்வது மெட்டு. தொழிற்சாலையில் பழசாக்கி வரும் கிதாரை வாங்கிப் பாருங்கள், உடம்பு முழுக்கக் காயம் இருக்கும், மெட்டுகள் பெரும்பாலும் புத்தம்புதிதாக இருக்கும். அவற்றையும் தேய்த்து அனுப்பினால் வாசிக்க முடியாதே. பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியும் பழமை கிடைத்துவிடுகிறது, வாசித்தவரின் விரல் செய்யும் பழமை கிடைப்பதில்லை. ரோரியின் கிதாரில் இரண்டும் இருந்தன. பூச்சு உரிய வேண்டுமென்று அவர் வாசிக்கவில்லை, வாசித்ததால் உரிந்தது.

பிடித்திருந்தால் அந்தக் கிதாரையே வாங்கிக்கொள் என்றுதான் அந்தப் பையனிடம் சொன்னேன். ஆசைப்பட்டுக் கையில் எடுக்கும் வாத்தியம் மூலையில் தூங்காது. ஆனால் கடன் வாங்கி வாங்காதே. பணம் போதாவிட்டால், கைக்கு அடங்கிய விலையில் ஒரு புதுக் கிதார் போதும். மிச்சப் பணத்தை நல்ல ஆசிரியருக்குக் கொடு. தினமும் ஒரு மணி நேரம் உட்கார். மெட்டு தேய்ந்து கம்பி இரைகிறது என்று என்றைக்காவது வந்து சொல், மாற்றும் செலவு என்னுடையது.