முற்றுகை நாளில் வாங்கிய நிலம்

தியானப் பகுதி: எரேமியா 32:1–15



நம்முடைய ரிசர்வ் வங்கி இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை பெருநகரக் குடும்பங்களிடம் ஐந்து காரியங்களை விசாரிக்கிறது. பொதுவான பொருளாதார நிலை, வேலைவாய்ப்பு, விலைவாசி, சொந்த வருமானம், குடும்பச் செலவு ஆகியவை கடந்த ஆண்டைவிட எப்படி இருக்கின்றன, அடுத்த ஆண்டு எப்படி இருக்கும் என்று கேட்கிறது. பதில்களைத் தொகுத்து வெளியிடும் குறியீட்டுக்கு ‘நுகர்வோர் நம்பிக்கை’ என்று பெயர். அது 100க்கு மேல் இருந்தால் நம்பிக்கையுள்ளோர் மிகுதி. கீழே இருந்தால் சோர்ந்தோர் மிகுதி. கொரோனாவின் இரண்டாம் அலை வீசிய 2021 மே மாதத்தில், நிகழ்காலத்தைக் குறித்த அளவு 48.5 வரை வீழ்ந்தது. வரும் ஆண்டைக் குறித்த எதிர்பார்ப்போ 96.4 ஆக நின்றது.

‘நம்பிக்கை’ என்னும் இதே சொல்லை நம் வேதாகமமும் பயன்படுத்துகிறது. ஆனால் வங்கி அளக்கும் நம்பிக்கை கண்ட நிலைமையிலிருந்து பிறக்கிறது. வேதம் கூறும் நம்பிக்கை எதிலிருந்து பிறக்கிறது?

அந்த ஐந்து கேள்விகளும் நம் வீடுகளுக்குப் புதியவை அல்ல. மாதக் கடைசியில் மளிகைக் கணக்கையும் பள்ளிக் கட்டணத்தையும் சீட்டுப் பணத்தையும் அடகுக்கடை ரசீதையும் எதிரே வைத்துக்கொண்டு அமரும் தாய், அவற்றைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். படிப்பை முடித்துவிட்டு, சென்னைக்கா, திருப்பூருக்கா, சிங்கப்பூருக்கா என்று தவிக்கும் மகனும் கேட்கிறான்.

2022–23இல் மத்திய அரசு நடத்திய குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, தமிழகக் கிராமப்புறத்தில் ஒருவருக்கான மாதச் செலவு சராசரியாக 5,310 ரூபாய். நகர்ப்புறத்தில் 7,630 ரூபாய். நாடு முழுவதிலும் கிராமப்புறக் குடும்பச் செலவில் உணவின் பங்கு, 2011–12இல் ஏறக்குறைய 53 சதவீதமாக இருந்து, 46 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வயிற்றுக்குப் போக மற்றவற்றுக்கும் கையில் மிஞ்சுகிறது என்றால், அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்க வேண்டும். ஆயினும் இந்த எண்கள் எவ்வளவு செலவானது என்பதைக் கூறுமேயன்றி, அது கூலியிலிருந்து வந்ததா, அடகு வைத்த சங்கிலியிலிருந்து வந்ததா என்று கூறா. கூலியைப் பொத்தலான பையில் போடுகிறவனைப் பற்றி ஆகாய் தீர்க்கதரிசி எச்சரித்தது, செலவு பெருகினால் வாழ்வு பெருகிவிட்டது என்று எண்ணும் நமக்கும் பொருந்தும்.

வீழ்ச்சி என்றால் என்னவென்று நம் செட்டிநாட்டு மண்ணுக்குத் தெரியும். நம் தெருக்களில் நிற்கும் பெரிய வீடுகளை பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் ஈட்டிய பொருள் எழுப்பியது. 1930களின் பெருமந்தத்தில் பர்மாவின் நெல் விலை சரிந்தது. உழவர்கள் கடனைத் திருப்ப இயலாமல் போக, அவர்களுடைய நிலங்கள் கடன் கொடுத்தவர்களின் கைக்கு வந்தன. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியது. சுதந்திர பர்மாவில் அந்த நிலங்களும் கைவிட்டுப் போயின. இன்றும் முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில், பிரிக்கப்பட்ட வீடுகளின் தூண்களும் கதவுகளும் விலைக்கு நிற்கின்றன.

ஆனால் அதே 1940களில்தான் வள்ளல் அழகப்பர் இவ்வூரில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். பொருள் திரண்ட நாளில் கட்டிய மாளிகைகள் பல பூட்டிக் கிடக்க, பொருள் கரைந்த நாளில் ஊருக்கென்று விதைத்தது இன்றும் பல வீடுகளில் அடுப்பெரியச் செய்கிறது.

இனி எரேமியாவைப் பாருங்கள். பாபிலோனின் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. தீர்க்கதரிசியோ காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அப்பொழுது உறவினனாகிய அனாமெயேல் வந்து ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறான். எதிரியின் கையில் விழப்போகும் நிலத்துக்கு என்ன விலை? ஆயினும் கர்த்தருடைய வார்த்தையினிமித்தம் எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். முத்திரையிட்ட பத்திரமும் திறந்த பத்திரமும் நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கப்படுகின்றன. மறுபடியும் இத்தேசத்தில் வீடும் நிலமும் திராட்சத்தோட்டமும் கொள்ளப்படும் என்பதே தேவன் கொடுத்த வாக்கு.

எரேமியா அந்த நிலத்தின் விளைச்சலை உண்டதாக வேதம் கூறவில்லை. பின்னாளில் அவர் எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டார். ஆகையால், அடுத்த மாதமே விலை குறையும், விசுவாசித்தால் நியமன உத்தரவு வந்துவிடும் என்று நான் உங்களுக்கு வாக்களிக்கமாட்டேன். கிறிஸ்தவ நம்பிக்கை, நிலைமை மாறுவதற்கு முன்பே, வாக்களித்தவரை நம்பி இன்று செய்ய வேண்டியதைச் செய்கிறது.

அது கணக்கறியாத நம்பிக்கையும் அன்று. எரேமியா வெள்ளியை நிறுத்தார், பத்திரம் எழுதினார். நீங்களும் இவ்வாரம் கணவனும் மனைவியுமாக அமர்ந்து, ஒருவருக்கொருவர் மறைத்த கடன் இருப்பின் அதையும் சேர்த்து, வரவையும் செலவையும் எழுதி ஜெபத்தில் வையுங்கள். ஊர் மெச்சக் கடன் வாங்கித் திருமணம் நடத்துவதை நம் சபையில் நிறுத்துவோம். வீட்டுவேலை செய்பவருக்கும் கொத்தனாருக்கும் கூலியை நாளைக்கு என்று தள்ளாமல் அன்றே கொடுங்கள். நம் செலவே இன்னொருவருடைய பிழைப்பு. கண்டாங்கி நெய்பவரும், ஆத்தங்குடிக் கல் வார்ப்பவரும், வீட்டிலிருந்து பலகாரம் செய்து விற்கும் சகோதரியும் நம் வாங்குதலை எதிர்பார்த்திருக்கிறார்கள். தேவையானதை அவர்களிடம், பேரம் பேசி இளைக்கச் செய்யாமல் வாங்குங்கள்.

வேலையில்லாத வாலிபரை ஆலய வாசலில் நிறுத்தி, “இன்னும் ஒன்றும் அமையவில்லையா?” என்று கேட்பதை விட்டுவிடுங்கள். மத்தேயு 20ஆம் அதிகாரத்தில், பதினோராம் மணி வேளையிலும் சந்தைவெளியில் நின்றவர்கள் சோம்பேறிகள் அல்லர்; அவர்களை வேலைக்கு அழைப்பார் இல்லை. எஜமான் அவர்களைக் குற்றப்படுத்தவில்லை, திராட்சத்தோட்டத்துக்கு அனுப்பினார். நீங்கள் அறிந்த ஒரு வேலையைச் சொல்லுங்கள். அறிந்த ஒருவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஜெபம்: எங்கள் பரம தகப்பனே, எங்கள் வரவையும் செலவையும் அறிந்திருக்கிறீர். வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைக் கைவிடாதிரும். கடனால் உறக்கமிழந்த வீடுகளுக்குச் சமாதானத்தைத் தாரும். முற்றுகையின் நாளிலும் உமது வாக்கை நம்பி விதைக்க எங்களுக்குக் கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.