அயர்லாந்தின் மேற்கே ஒரு வாரம்: தொழுகையை நடுவில் வைத்து ஒரு பயணத் திட்டம்



பிழைப்புக்காகக் கடல் கடப்பது நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. பர்மா, மலாயா, சிங்கப்பூர், பிறகு வளைகுடா என்று தலைமுறை தலைமுறையாகப் போய்வந்தவர்கள் நாம். அந்த ஊர்களிலெல்லாம் நம்மவர் இருந்தனர். பாங்கொலி கேட்கும் தொலைவில் பள்ளிவாசலும் இருந்தது. இன்று நம் பிள்ளைகள் ஐரோப்பாவின் மேற்கோரம் வரை போய்விட்டனர். அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் அந்த நாடுகள் முற்றிலும் புதியவை. அப்படி ஒரு பயணத்துக்கு எங்கள் குடும்பம் இப்போது ஆயத்தமாகி வருகிறது. எங்களைப் போலத் திட்டமிடுவோருக்குப் பயன்படலாம் என்பதால் எங்கள் யோசனைகளை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

எங்கள் தம்பி டப்ளினில் கணினிப் பணியில் இருக்கிறான். வாப்பா மவுத்தானபோது அவனால் ஜனாஸாவுக்கு வந்து சேர முடியவில்லை. வந்து சேர்வதற்குள் நல்லடக்கம் முடிந்துவிடும் என்பது தெரிந்தே அவன் அங்கிருந்து காயிப் ஜனாஸா தொழுதான். அதன்பின் ஒரு முறை வந்து போனான். அந்தப் பத்து நாட்களும் வீடு நிறைய விருந்தினர். உம்மாவும் அவனும் தனித்து அமர்ந்து வாப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டதை நாங்கள் பார்க்கவேயில்லை. சென்ற ரமளானுக்குப் பிறகு உம்மாவே, “அவன் இருக்கிற ஊரை ஒரு தடவை பார்த்துட்டு வரலாமா?” என்று கேட்டார்கள். உம்மாவுக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. முழங்கால் வலியும் உண்டு. இந்தப் பயணத்தை இன்னும் தள்ளிப்போட எங்களுக்கு மனம் வரவில்லை.

தம்பி ஆர்வத்துடன் ஒரு பட்டியல் அனுப்பினான். வாடகைக் கார் எடுத்து ஏழு நாளில் நாட்டையே சுற்றிவிடலாம் என்பது அவன் எண்ணம். தெற்கே கெர்ரி வளைவுச் சாலை, மேற்கே மோஹர் செங்குத்துப் பாறைகள், வடக்கே ஜயண்ட்ஸ் காஸ்வே என்று ஒவ்வோர் இரவும் ஓர் ஊர். பட்டியலில் எல்லாம் இருந்தன. லுஹரை எங்கே தொழுவது, உம்மா எங்கே கால் நீட்டி அமர்வார்கள் என்பவை மட்டும் இல்லை. எதைப் பார்ப்பது என்று தொடங்குவதை விட்டு, ஐந்து வக்தும் உம்மாவின் முழங்காலும் எதை அனுமதிக்கின்றன என்று தொடங்கினோம். அப்படித் தொடங்கியதும் மற்ற முடிவுகள் தாமாக வந்து அமைந்தன.

முதலில் மாதம். அயர்லாந்துக்குப் போக ஜூன், ஜூலையே சிறந்தவை என்று எல்லோரும் சொல்வர். பகல் நீண்டிருக்கும் என்பது அதற்குக் காரணம். ஆனால் அந்த நீண்ட பகல்தான் தொழுகையாளிக்குச் சோதனை. ஜூன் பிற்பாதியில் மேற்குக் கரையில் சூரியன் மறையவே இரவு பத்து மணி கடந்துவிடும். காலை ஐந்து மணி வாக்கில் மீண்டும் உதித்துவிடும். வானம் முழுதாக இருள்வதே இல்லை என்பதால் இஷா, ஃபஜ்ர் நேரங்களைக் கணக்கிடுவதிலேயே அங்குள்ள பள்ளிவாசல்களுக்கிடையே வேறுபாடு உண்டு. முதியவர் ஒருவர் இரண்டையும் உரிய நேரத்தில் தொழுதுவிட்டு உறங்குவது எப்போது? செப்டம்பர் இறுதியில் நிலைமை வேறு. உதயமும் அஸ்தமனமும் இரண்டுமே ஏழரை மணியை ஒட்டி அமைகின்றன. நம் ஊரைவிட ஒன்றரை மணி நேரம் தள்ளியிருக்கிறதே தவிர ஒழுங்கு நமக்குப் பழகியதுதான். பிள்ளைகளுக்குக் காலாண்டு விடுமுறையும் அப்போதே வருகிறது. மழையும் காற்றும் இருக்கும். அயர்லாந்தில் அவை இல்லாத மாதம் எது?

அடுத்து ஊர். டப்ளினில் தம்பி இருப்பது மற்றவர்களுடன் பகிர்ந்துகொள்ளும் வீட்டின் ஓர் அறையில். அங்கே ஐவர் தங்க வழியில்லை. ஆகவே இறங்கிய அன்று இளைப்பாற ஓர் இரவு மட்டும் டப்ளினில். அந்நகரின் தென்சுற்றுச் சாலையில், முன்பு தேவாலயமாக இருந்து 1983இல் முஸ்லிம்கள் வாங்கிய கட்டடத்தில் பள்ளிவாசல் இருக்கிறது. அங்கே இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு மறுநாள் ஹியூஸ்டன் நிலையத்தில் ரயிலேறுவோம். மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலாக நாட்டின் குறுக்கே போய், மாயோ மாவட்டத்தின் கடலோரச் சிற்றூரான வெஸ்ட்போர்ட்டில் அந்த ரயில் நம்மை இறக்கிவிடும். ஊர் நடுவே மரங்கள் நிழலிடும் சிற்றாறு. சற்றுத் தள்ளிச் சிறு தீவுகள் சிதறிக் கிடக்கும் கிளூ விரிகுடா. 1937இல் மூடப்பட்ட பழைய ரயில் பாதையை அக்கில் தீவை நோக்கிச் செல்லும் நடைபாதையாக மாற்றியிருக்கிறார்கள். ரயிலுக்காகப் போட்ட பாதையானதால் பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. உம்மா முடிந்த தூரம் நடந்துவிட்டுத் திரும்பலாம். இந்த ஓர் ஊரிலேயே ஏழு இரவுகள். மோஹர் பாறைகளையும் கெர்ரியையும் விட்டுவிட்டோம். தம்பிக்குச் சிறிது வருத்தம்தான்.

ஒரே இடத்தில் தங்குவதால் மார்க்கச் சட்டத்திலும் ஒரு தெளிவு கிடைத்தது. பயணி நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கிக்கொள்வது அல்லாஹ் தந்த சலுகை. நாங்கள் ஷாஃபிஈ மத்ஹபினர். வந்து சேரும் நாளும் புறப்படும் நாளும் போக நான்கு முழு நாட்கள் ஓரூரில் தங்க எண்ணம் கொண்டால் அந்தச் சலுகை அங்கே நீங்கிவிடும். ஹனஃபி மத்ஹபில் இந்த வரம்பு பதினைந்து நாள். ஆகவே வழிப்பயணத்தில் ஜம்உ, கஸர்; வெஸ்ட்போர்ட் வீட்டில் முழுத் தொழுகை. இதைக் கேட்டதும் உம்மாவின் முகத்தில் நிம்மதி. குளிர்நீரில் காலைத் தூக்கிக் கழுவுவதுதான் அவர்களுக்குக் கடினம். அதற்காகத் தோலால் ஆன குஃப் காலுறை வாங்கியிருக்கிறோம். வுளூவுடன் அணிந்துகொண்டால் தங்கியிருப்பவர் ஒரு பகலும் ஓர் இரவும், பயணி மூன்று பகலும் மூன்று இரவும் அதன்மேல் மஸ்ஹு செய்துகொள்ளலாம். விவரங்களை அவரவர் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நலம். பிள்ளைகளுக்கு வேறொரு வியப்பு காத்திருக்கிறது. கிப்லா என்றால் மேற்கு என்றே வளர்ந்தவர்கள், அங்கே அட்லாண்டிக் கடலுக்கு முதுகைக் காட்டித் தென்கிழக்கு நோக்கி நிற்கப் போகிறார்கள்.

உணவுதான் எல்லோரும் முதலில் கேட்ட கேள்வி. அயர்லாந்தின் சிற்றூர்களில் மதுவகமே உணவகமாகவும் இருப்பது வழக்கம். மது பரிமாறப்படும் மேசையில் அமர வேண்டாம் என்ற நபிமொழியை மனத்தில் கொண்ட குடும்பத்துக்கு அது உகந்த இடமன்று. மீன்தானே என்று எண்ணி வாங்கும் சௌடர் சூப்பில் பன்றி இறைச்சித் துண்டோ ஒயினோ சேர்ந்திருக்கலாம். காலை உணவுத் தட்டில் வரும் ராஷர் பன்றி இறைச்சி. பிளாக் புட்டிங் இரத்தத்தில் செய்யப்படுவது. சில கடைகளில் உருளைக்கிழங்கு வறுவலைக்கூட மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். கேட்டுத் தெரிந்துகொள்வதில் கூச்சம் வேண்டியதில்லை. நாங்கள் அடுப்படியுடன் கூடிய வாடகை வீட்டைத் தேர்ந்தெடுத்தது இதற்காகவே. அரிசியும் பருப்பும் முட்டையும் கடல்மீனும் அங்கேயே கிடைக்கும். ஹலால் இறைச்சியைத் தம்பி டப்ளினிலிருந்து உறைய வைத்து எடுத்து வருவான். மசாலாப் பொடிகளும் கழிப்பறைக்கு ஒரு நெகிழிக் குவளையும் எங்கள் பெட்டியில் இருக்கும். உம்மா சமைத்து, தம்பி உண்பதைப் பார்ப்பதும் இந்தப் பயணத்தின் ஒரு பகுதிதான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு என்ன செய்வது என்று தேடியபோது எங்களுக்கு ஒரு நல்ல செய்தி கிடைத்தது. வெஸ்ட்போர்ட் ரயில் வரும் வழியிலேயே பாலிஹானிஸ் என்றொரு சிற்றூர் உண்டு. மக்கள் தொகை 3000ஐக்கூடத் தொடாது. பாகிஸ்தானிலிருந்து வந்த வணிகர் ஒருவர் அங்கே ஹலால் இறைச்சி ஆலை நடத்தினார். 1987இல் பள்ளிவாசலும் எழுந்தது. டப்ளினுக்கு வெளியே, பள்ளிவாசலாகவே கட்டப்பட்ட முதல் கட்டடம் அதுதான். தொழில் தேடி வந்தவர்கள் முதலில் தொழ இடம் தேடினார்கள். அதன் பயன் இன்று வழிப்போக்கரான எங்களுக்கும் கிடைக்கிறது. ஜும்ஆ நேரத்தையும் பெண்களுக்கான இட வசதியையும் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, ஒரு வெள்ளியன்று காலை ரயிலில் போய் மாலையில் திரும்ப எண்ணியிருக்கிறோம்.

வெஸ்ட்போர்ட்டை அடுத்து 764 மீட்டர் உயரமுள்ள குரோ பேட்ரிக் மலை இருக்கிறது. அயர்லாந்துக் கிறிஸ்தவர்கள் நேர்ச்சையுடன் ஏறும் மலை அது. நாங்கள் அடிவாரத்தில், சாலைக்கு எதிர்ப்புறம் கடலோரமாக நிற்கும் பஞ்ச நினைவுச் சின்னத்தைப் பார்க்கப் போகிறோம். பாய்மரக் கயிறுகளுக்குப் பதிலாக எலும்புக்கூடுகள் பின்னிக் கிடக்கும் வெண்கலக் கப்பல் அது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அதை மட்டுமே நம்பியிருந்த ஏழைகள் அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 இலட்சம் பேர் மாண்டனர். ஏறத்தாழ அதே அளவினர் கப்பலேறி நாட்டை விட்டனர். அவ்வேளையிலும் தானியமும் கால்நடையும் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன. தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி முன்னோர் சொல்லக் கேட்ட நமக்கு இந்தக் கதை அந்நியமன்று. அதே ஆட்சி, அதே சந்தைக் கணக்கு. அன்று உதுமானியப் பேரரசின் சுல்தான் அப்துல் மஜீத் 1000 பவுன் அனுப்பி உதவினார். அயர்லாந்தின் பிரமுகர்கள் கையொப்பமிட்டு அனுப்பிய நன்றிக் கடிதம் இன்றும் துருக்கியில் பாதுகாக்கப்படுகிறது. உணவேற்றிய கப்பல்களையும் சுல்தான் ட்ரோகெடா துறைமுகத்துக்கு இரகசியமாக அனுப்பினார் என்பது மக்கள் வாய்வழி சொல்லிவரும் கதை. பணம் வந்தது ஏட்டில் உள்ள செய்தி. கதை இருக்கட்டும், பசித்தவனின் மார்க்கம் கேட்காமல் கொடுத்த கை ஒன்று இருந்தது என்பதை எங்கள் பிள்ளைகள் அந்த இடத்தில் நின்று அறியவேண்டும்.

சில நடைமுறைக் குறிப்புகள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு அயர்லாந்து விசா தேவை. அந்நாடு ஷெங்கன் கூட்டமைப்பில் இல்லை என்பதால் ஷெங்கன் விசா செல்லாது. ஜயண்ட்ஸ் காஸ்வே உள்ள வட அயர்லாந்து பிரிட்டனுக்கு உட்பட்டது. எல்லையில் கதவோ காவலோ கிடையாது. ஆயினும் உரிய அனுமதியின்றிக் கடப்பது சட்ட மீறல். சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. வளைகுடா வழியே போவது நமக்கு எளிது. உம்மாவுக்கான சக்கர நாற்காலி உதவியைப் பயணச்சீட்டுடனேயே பதிந்துவிட்டோம். கார் ஓட்ட விரும்புவோர்க்கு நம்மைப் போலவே இடப்பக்கப் போக்குவரத்துதான். ஆனால் கிராமச் சாலைகள் மிகக் குறுகலானவை. 2025 முதல் அவற்றில் பொது வேக வரம்பு மணிக்கு 60 கிலோமீட்டர். தானியங்கி கியர் வண்டி வேண்டுமெனில் முன்பே கேட்டு வைக்கவேண்டும்.

ஏழு நாட்களில் இரண்டை வெறுமையாகவே விட்டிருக்கிறோம். அந்த நாட்களில் எங்கள் இருவருக்கும் பிள்ளைகளுக்கும் ஆற்றங்கரையும் கடைவீதியும் போதும். வீட்டில் உம்மாவும் தம்பியும் இருப்பார்கள். என்ன பேசுவார்கள், பேசுவார்களா, அழுவார்களா என்பது அவர்களைப் பொறுத்தது. உறவைப் பேணுவதை ஈமானின் அடையாளமாகச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. அதற்கென ஒதுக்கிய நேரத்தை ஊர் பார்க்கும் ஆசைக்குத் தின்னக் கொடுப்பது முறையன்று.

பிள்ளைகள் தொலைவில் வாழும் பெற்றோர் நம்மில் பலர். போக வசதியும் உடலில் வலுவும் இருக்கும்போதே புறப்படுங்கள். குறைவாகப் பாருங்கள், நிறைவாக உடனிருங்கள். பயணிகள் அனைவரையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக; பிரிந்திருக்கும் குடும்பங்களை ஒரே விரிப்பில் அமர்ந்து உண்ணச் செய்வானாக. எங்கள் வாப்பாவின் மஃக்பிரத்துக்காகவும் துஆ செய்யுங்கள். ஆமீன்.