திங்கட்கிழமை லீவு

பக்கத்து வீட்டுப் பெண் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். போன வாரம் நோட்டும் கையுமாக வந்தாள். "தாத்தா, ஃப்யூச்சர் கன்டினியுவஸ் எங்கே போடணும், சாதா ஃப்யூச்சர் எங்கே போடணும்? ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?" என்றாள்.

கேட்ட ஆளைப் பார்த்தீர்களா! பள்ளிக்கூடம் முழுக்கப் பிரெஞ்சில் படித்தவன் நான். ஆங்கிலத்தை ஆபீசில் அடிபட்டுத்தான் கற்றேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. அதற்காக ஒரு மெமோவே வாங்கியிருக்கிறேன்.

அமைப்பு சுலபம். 'வில்', அடுத்து 'பி', அடுத்து 'இங்' சேர்த்த வினை. ஐ வில் பி ரைட்டிங், ஷீ வில் பி ரைட்டிங், எல்லாருக்கும் ஒரே மாதிரி. பிரெஞ்சில் நான், நீ, அவன் என்று ஆளுக்கொரு விகுதி மனப்பாடம் செய்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி. "நாளை பத்து மணிக்கு எழுதிக்கொண்டிருப்பேன்" என்பதற்குப் பிரெஞ்சில் தனி வினைவடிவம் கிடையாது. சாதாரண எதிர்காலத்திலேயே சொல்லிவிடலாம். ரொம்ப அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் 'ஆன் த்ரேன் தெ' என்று ஒரு தொடர் உண்டு. ரயிலுக்கும் 'த்ரேன்' என்பதுதான் சொல் என்பதால், வகுப்பில் அதைச் சொல்லும்போதெல்லாம் பின்பெஞ்சிலிருந்து கூ என்று சத்தம் வரும்.

1956 ஒப்பந்தத்தில், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சுதான் ஆட்சிமொழி என்று எழுதியிருந்தது. அதை நம்பிப் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளியில் விட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர். 1970களில் நான் கிளார்க்காகச் சேர்ந்தபோது ஃபைலில் இருந்ததெல்லாம் ஆங்கிலம். நான் எழுதிய முதல் டிராஃப்ட்டிலேயே "வென் யூ வில் கம்" என்று போட்டேன். பிரெஞ்சில் 'எப்போது வருவீர்களோ அப்போது' என்றால் எதிர்காலம் போட்டே ஆக வேண்டும். ஆங்கிலத்தில் அந்த 'வென்'னுக்குப் பின்னால் 'வில்' வரக்கூடாது, "வென் யூ கம்" போதும். சிவப்பு மையில் அடித்து வந்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். வெளியூர் அதிகாரி ஒருவர் என் மேஜைப் பக்கம் நின்று, "வில் யூ பி டேக்கிங் லீவ் ஆன் மண்டே?" என்றார். 'வில் யூ' என்றால் என் காதில் 'வுலே வூ' என்றுதான் விழும். தயவுசெய்து செய்கிறீர்களா என்று பொருள். ஐயா நம்மை லீவு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார், ஏதோ நல்ல மனசு என்று நினைத்து "எஸ் சார்" என்றேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். திங்கட்கிழமை வீட்டில் நிம்மதியாக இருந்தேன். அன்றைக்கு ஆடிட். அலமாரிச் சாவி என் சட்டைப் பையில்.

மறுநாள் மெமோ. விண்ணப்பம் கொடுக்காமல் வராதிருந்ததற்கு விளக்கம் கேட்டு. வேலையில் இன்னும் நிரந்தரம் ஆகாத காலம், கல்யாணமான புதிது. விளக்கம் எழுத எனக்கு ஆங்கிலம் வரவில்லை என்பதுதான் பெரிய கொடுமை. கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் தலைமை எழுத்தர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். அப்போதுதான் சொன்னார்: "வில் யூ டேக் லீவுன்னா, லீவு எடுத்துக்கிறீங்களான்னு கேட்டுக்கிற மாதிரியும் ஆகும். நடுவுல 'பி'யும் 'இங்'கும் வந்துட்டா, லீவு எடுக்கிறதா இருக்கீங்களான்னு அர்த்தம். உங்க திட்டம் என்னன்னு தெரிஞ்சுக்கிறாரு, அவ்வளவுதான் தம்பி."

அந்த அதிகாரி கேட்டது மரியாதையான கேள்விதான். உத்தரவும் இல்லை, வேண்டுகோளும் இல்லை. மெமோ எச்சரிக்கையோடு முடிந்தது. அதற்குப் பிறகு பல வருஷம், யார் 'வில் யூ' என்று ஆரம்பித்தாலும் வாக்கியம் முடியும்வரை வாயைத் திறக்கமாட்டேன்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். 'நோ' மாதிரி அறிதலைக் குறிக்கும் வினைகளுக்கு இந்த 'இங்' ஒட்டாது, "வில் பி நோயிங்" என்று எழுதாதே என்றும் சொன்னேன். நம் ஆபீஸ்களில் அதை எத்தனை பேர் எழுதினோம் என்பதைச் சொல்லவில்லை.

"வேற எதுக்காவது வருமா தாத்தா?" என்றாள்.

வரும். கண்ணெதிரே இல்லாத ஒருவர் இந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருப்பார் என்று ஊகித்துச் சொல்லவும் ஆங்கிலத்தில் இதே வடிவம்தான். "ஹீ வில் பி ஸ்லீப்பிங் நவ்." நடப்பது இப்போது, வினை எதிர்காலம். அவளுக்கு அது விசித்திரமாக இருந்தது. தமிழில் நாமும் அப்படித்தானே சொல்கிறோம் என்றேன்.

சொல்லும்போது எனக்கு என் மனைவியின் ஞாபகம் வந்துவிட்டது. மகன் பாரிசுக்குப் போன பிறகு அவள் பேச்சில் பாதி இந்த வடிவம்தான். ஆங்கிலம் ஒரு எழுத்து தெரியாது. ஹாலில் இருக்கும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து நான்கரை மணி நேரத்தைக் கழித்துக்கொள்வாள். மார்ச் கடைசியில் அங்கே மணியை மாற்றிவிட்டால் மூன்றரை, அக்டோபர் கடைசியில் மறுபடி நான்கரை. அதில் அவள் ஒருநாளும் தப்பு விட்டதில்லை. இட்லித் தட்டை இறக்கியபடியே, "இப்பத் தூங்கிக்கிட்டிருப்பான்" என்பாள். மத்தியானம் எனக்குச் சோறு போடும்போது, "ரயில்ல போய்க்கிட்டிருப்பான், சாப்பிட்டானோ என்னவோ" என்பாள். "நேத்துதானே பேசினே?" என்று நான் எரிந்து விழுந்ததும் உண்டு.

அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்தப் பெண் நோட்டில் உதாரணம் எழுதிக்கொண்டு போனாள். நான் எழுந்து கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டரை. அங்கே எட்டு. ரயிலில் போய்க்கொண்டிருப்பான்.