வளைய மறுத்த பலகை



மஞ்சள் விளையும் எங்கள் நாமகிரிப்பேட்டைக்குக் கடல் வெகு தொலைவு. ஆயினும் கேரளத்தின் பேப்பூரில் 'உரு' என்னும் மரக்கலத்தைக் கண்டு வந்தபின், வீட்டிலேயே ஒரு சிறு பாய்க்கப்பல் செய்ய முனைந்தேன். பேப்பூர்த் தச்சர்கள் வரைபடமின்றி, முதலில் பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து உடலை எழுப்பி, பின்னரே விலாச்சட்டங்களைப் பொருத்துவர். எனக்கு அத்திறன் ஏது? சட்டங்களை முதலில் நிறுத்தி, அடிமரத்தை ஒட்டிப் பலகை பதிக்கத் தொடங்கினேன்.

முகப்பருகே பலகை வளைய மறுத்தது. அழுத்தினேன், முறிந்தது.

"வெந்நீரில் ஊறவைத்துப் பாருங்கள், அத்தா" என்றான் மகன். தேர்வில் தவறியதற்காக நான் கடிந்துகொண்ட நாளிலிருந்து என்னோடு பேசாதிருந்தவன் அவன். ஊறிய பலகை இணங்கி வளைந்தது. கட்டி உலரவிட்டோம், வளைவு நிலைத்தது.

நூஹ் (அலை) அவர்களின் கப்பல் பலகைகளாலும் ஆணிகளாலும் ஆனதெனத் திருக்குர்ஆன் (54:13) கூறுகிறது. அதில் ஏற மறுத்த மகனையும் அந்த நபி அன்போடுதான் அழைத்தார்கள் (11:42). நானோ ஒரு தேர்வுக்காகக் குரலை உயர்த்தினேன்.

உங்கள் இல்லத்திலும் இணங்க மறுக்கும் பிள்ளை உண்டா? அழுத்துமுன் சற்றுப் பொறுங்கள்.