அப்பாவின் மாதிரிப் பத்திரம்

கோவை,
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

 

ஒவ்வொரு காம்பொனென்ட்டுக்கும் பழைய ஃபோல்டரைக் காப்பி எடுத்துப் பெயர் மாற்றுவதாக நேற்று போனில் சொன்னாய். நானும் அப்படிச் செய்து பட்டவள்தான். ஒருமுறை 'ஆர்டர்' ஃபோல்டரைக் காப்பி எடுத்து 'இன்வாய்ஸ்' ஆக்கினேன். நாலு ஃபைலில் மூன்றில் பெயரை மாற்றினேன். டெஸ்ட் ஃபைலில் இம்போர்ட் வரி பழசாகவே நின்றுவிட்டது. டெஸ்ட்டை ஓட்டினால் எல்லாம் பச்சை. ஆனால் அது சோதித்தது ஆர்டரை. இன்வாய்ஸை எதுவும் தொட்டே பார்க்கவில்லை என்பது வாடிக்கையாளர் கூப்பிட்டுக் கத்திய பிறகுதான் தெரிந்தது.

அப்பா பத்திரம் எழுதிய காலம் ஞாபகம் இருக்கிறதா? பழைய கிரயப் பத்திரத்தைப் பார்த்து எழுதியதில் ஒருமுறை முந்தைய நிலத்தின் சர்வே எண் அப்படியே வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் பெயர், சர்வே எண், நான்கெல்லை வரும் இடங்களில் வெறும் கோடு போட்டு ஒரு மாதிரி எழுதி வைத்துக்கொண்டார். வெற்றுக் கோடு கண்ணை உறுத்தும். பழைய பெயர் உறுத்தாது.

நீயும் அதையே செய். விஎஸ் கோடில் உள்ள ஸ்னிப்பெட் ஒரு ஃபைலுக்குள் வரிகளை நிரப்பத்தான் உதவும். ஃபோல்டரோடு உண்டாக்க பிளாப் போல ஒரு கருவி வேண்டும். நாலு ஃபைலையும் ஹேண்டில்பார்ஸ் டெம்ப்ளேட்டாக எழுதி, பெயர் வரும் இடத்தில் இரட்டைச் சுருள் அடைப்புக்குறி போட்டுவை. பிளாப்பை டெர்மினலில் ஓட்டினால் பெயரை ஒரே ஒரு தடவை கேட்கும். 'ஸ்டாக் ரிப்போர்ட்' என்று கொடுத்தால் போதும். காம்பொனென்ட்டுக்கு பாஸ்கல் கேஸ், சிஎஸ்எஸ் கிளாஸுக்கு கெபாப் கேஸ் என்று நீ டெம்ப்ளேட்டில் சொன்னபடி மாற்றிப் போட்டுவிடும். ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் உன் விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் சர்வர் ஃபைலே இல்லை என்று நிற்கும். அந்தத் தொல்லையும் குறையும்.

அவசரப்பட்டு டெம்ப்ளேட் போடாதே. மூன்று ஃபோல்டராவது கையால் எழுது. எது மாறும், எது மாறாது என்பது அப்போதுதான் பிடிபடும். போட்டதை உன் மெஷினில் பதுக்காமல் புராஜெக்ட்டோடு கிட்டில் சேர்த்துவிடு, நாலு பேர் கண்ணில் படட்டும். பிற்பாடு டெம்ப்ளேட்டைத் திருத்தினாலும் ஏற்கெனவே பிறந்த ஃபோல்டர்கள் தாமாகத் திருந்தா. மாதிரி தயாரான பிறகும், பதிவாகிவிட்ட அந்த ஒரு கிரயத்துக்கு அப்பா தனியாகப் பிழைத்திருத்தல் பத்திரம் எழுதத்தானே வேண்டியிருந்தது?

முதல் டெம்ப்ளேட்டை எழுதியதும் எனக்கு அனுப்பு. டெஸ்ட் ஃபைலைத்தான் முதலில் திறப்பேன்.

அன்புடன்,
அக்கா