ஒரே மருந்து, இரண்டு டப்பா

2025 மார்ச் 9, எடிசன், நியூ ஜெர்சி

மதுரையிலிருந்து வந்திறங்கிய அப்பாவின் மருந்துகளை மகன் அடுக்கும்போதுதான் கண்ணில் பட்டது: பினாஸ்டிரைடு, 5 மில்லிகிராம். புரோஸ்டேட் வீக்கத்துக்கு. அவனுடைய குளியலறை அலமாரியிலும் அதே பெயர், 1 மில்லிகிராம். நெற்றி ஏறிக்கொண்டே போகவும் ஜனவரியில் தொடங்கியிருந்தான். வீட்டில் யாருக்கும் தெரியாது.

மார்ச் 10

தூக்கம் வரவில்லை.

மார்ச் 14

நியூயார்க் போகும் ரயில் ரஹ்வேயில் நின்றது. மெர்க் நிறுவனத்தின் ஊர். இந்த மருந்தைக் கொண்டுவந்த நிறுவனம். 1974இல் ஜூலியான் இம்பெராடோ-மக்கின்லி குழுவினர், டொமினிகன் குடியரசின் சலினாஸ் கிராமத்தில் ஒரு நொதி பிறவியிலேயே குறைந்திருந்தவர்களைப் பற்றி எழுதினார்கள். டெஸ்டோஸ்டிரோனை டிஎச்டி என்ற ஹார்மோனாக மாற்றும் நொதி அது. அந்த ஆண்களுக்குப் புரோஸ்டேட் சிறிதாகவே இருந்தது, வழுக்கையும் விழவில்லை. அந்த நொதியை மாத்திரையால் தடுக்கலாமே என்று மெர்க் இறங்கியது. 1992இல் புரோஸ்டேட்டுக்குப் புராஸ்கார், 1997 டிசம்பரில் வழுக்கைக்குப் புரோபீசியா. அந்தக் கிராமத்துக்காரர்களின் உடம்பு சொன்ன சேதிதான் இன்று அப்பாவின் டப்பாவிலும் அவன் டப்பாவிலும் இருக்கிறது. அவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள்.

மார்ச் 30

சீப்பில் முடி குறைந்திருக்கிறது! நாள் முழுக்க உற்சாகம்.

ஏப்ரல் 23

தலையில் தடவும் பினாஸ்டிரைடைத் தனியாகக் கலந்து விற்பது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ நேற்று எச்சரித்திருக்கிறது. மாத்திரையின் விவரத்தாளில் 2011இலேயே மனச்சோர்வு சேர்ந்துவிட்டது. நிறுத்திய பிறகும் பாலுறவுச் சிக்கல் நீடிக்கலாம் என்பதும் சேர்ந்திருக்கிறது. பெரும்பாலோருக்கு இவை வருவதில்லை. ஆனால் அவனுக்குச் சில வாரங்களாக எதிலும் மனம் ஒட்டவில்லை. மாத்திரையா, ஆபீசில் நடக்கும் ஆள்குறைப்பா? பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இரவு அப்பாவிடம் அவர் மாத்திரையைப் பற்றிக் கேட்டான். அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். "ஆரம்பத்துல மனசு ஒரு மாதிரிதான் இருந்துச்சுப்பா. இதையெல்லாம் யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

அவனும் தன் மாத்திரையை எடுத்து மேசைமேல் வைத்தான்.

மே 6

அப்பாவின் பழைய பிஎஸ்ஏ (புரோஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை) அறிக்கை: 2.4, 'நார்மல்'. பினாஸ்டிரைடு அந்த எண்ணை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுபவருக்கு இரண்டால் பெருக்கித்தான் பார்க்க வேண்டும். பரிசோதித்த இடத்தில் மருந்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. மறுபரிசோதனைக்கு நேரம் வாங்கியாயிற்று. தன் மாத்திரையை நிறுத்துவதா என்பதை அவன் இன்னும் முடிவு செய்யவில்லை.

முடிக்காகச் சாப்பிடும் 1 மில்லிகிராமும் பிஎஸ்ஏவைக் குறைக்கும். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்குமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.